தேயாத மிதிகட்டை

அத்தியாயம் ஏழு

மெங் பெய்லானின் இடது காலுறை நனைந்து மூன்று நாளாகிவிட்டது. மாற்றுக் காலுறையும் கொடியில் நனைந்தபடியே தொங்கிக்கொண்டிருந்தது. பிளம் பழம் பழுக்கும் மழை மாதத்தில் சுஜோ நகரத்தில் எதுவும் காயாது. துணி காயாது, சுவர் காயாது. ஐம்பத்தெட்டு வயதுக்காரியின் முழங்கால் மட்டும் ஓயாமல் எரிந்துகொண்டிருக்கும்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?" என்றான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த லூ தாகென்.

"வேண்டாம்."

"ஒரு நாற்காலியைத் தேடி நாலு நாளா அலையறோம். இந்த நாலு நாள்ல நாம நிம்மதியா எங்கேயாவது உட்கார்ந்தோமா?"

"இப்ப உட்கார்ந்துதானே இருக்கே?"

"இது டாக்ஸி சீட்டுக்கா. ஸ்பிரிங் என் முதுகெலும்பைக் குறுக்கு விசாரணை பண்ணிட்டிருக்கு."

பெய்லான் சிரிக்கவில்லை. சிரிக்கக் கொஞ்சம் தெம்பு வேண்டும். போலீஸ் பதிவேட்டு அறையில் இருபத்தேழு வருஷம் கழித்துவிட்டு, ஓய்வு பெற்று, நூடுல்ஸ் கடை மாடியில் விசாரணை அலுவலகம் என்று ஒரு பலகை மாட்டி இரண்டு வருஷமாகிறது. பலகையைப் பார்த்து வருகிறவர்களில் பாதிப் பேர் கழிவறை எங்கே என்று விசாரிக்கத்தான் வருகிறார்கள். தாகென் அவளுக்கு உதவியாளன். சம்பளம் கிடையாது. அவள் சொல்லும் இடத்துக்கு மீட்டரை மடக்கிவிட்டு ஓட்டுவான். வாய்க்கு மட்டும் மீட்டர் கிடையாது.

"வழக்கை மறுபடி சொல்லு," என்றாள். இது அவள் பழக்கம். இன்னொருவர் வாயிலிருந்து வரும்போதுதான் கதையில் ஓட்டை எங்கே என்று அவள் காதுக்குக் கேட்கும்.

"ஆறாவது தடவை."

"சொல்லு."

"வைத்தியர் ஃபெய். ஒன்பது தலைமுறையாப் பொம்பளைங்க வைத்தியம். போன குளிர்காலத்துல போய்ச் சேர்ந்தார். அவர் மேசைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு நாற்காலி. ஒசத்தியான ஹுவாலி மரம். முதல் தலைமுறைக்காரர் செய்ய வச்சது, அன்னையிலேருந்து அந்த வீட்டை விட்டு நகராதது. ஒண்ணு வைத்தியர் உட்கார்றது, இன்னொண்ணு நோயாளி உட்கார்றது. ரெண்டையும் ஜோடியா வைத்தியக் கல்லூரிக்குக் குடுக்கணும்னு உயில். வீடு அண்ணன் மகன் ஜிகாங்குக்கு. ஆனா வீட்டு வேலை பார்த்த யாவ் அம்மா சாகற வரைக்கும் பின்கட்டு ரூம்ல இருக்கலாம். வீட்டுப் பொருள்ல கை வச்சா மட்டும் வெளியே."

"மேலே சொல்லு."

"கல்லூரிக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஷாங்காய்லேருந்து ஒரு நிபுணர் வந்து பார்த்தார். வைத்தியர் நாற்காலி அசல், நோயாளி நாற்காலி போலின்னுட்டார். காரணம், மிதிகட்டை தேயலை."

பெய்லான் கண்ணை மூடிக்கொண்டாள். முன்கால் இரண்டையும் தரைக்குச் சற்று மேலே இணைக்கிற சட்டம்தான் மிதிகட்டை. குளிர்ந்த கல் தரையில் யார் பாதம் வைப்பார்கள்? உட்கார்ந்தவுடன் கால் தானாக அதன் மேல் ஏறிவிடும். நூறு வருஷம் ஏறினால் மரம் குழிந்துவிடும். பழைய நாற்காலி வாங்குகிறவன் முதுகைப் பார்க்க மாட்டான், கைப்பிடியைப் பார்க்க மாட்டான். முதலில் குனிந்து மிதிகட்டையைத்தான் பார்ப்பான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி பிரம்பு மாத்தறதுக்கு நாற்காலியை ஏரிக்கரைப் பட்டறைக்குக் கொண்டு போனது யாவ் அம்மா," என்றான் தாகென். "அப்பத்தான் அசலை அங்கே விட்டுட்டு நகலைக் கொண்டு வந்துட்டான்னு ஜிகாங் சொல்றான். அசலைத் தேடிக் குடுங்கன்னு நம்மகிட்ட வந்திருக்கான். எந்தப் பட்டறைன்னு கண்டுபிடிச்சு அவன்கிட்ட சொல்லவே நமக்கு நாலு நாளாச்சு. இன்னைக்கு அஞ்சு மணிக்கு வட்டக் கமிட்டி ஷி அம்மாள் முன்னாடி 'நான்தான் மாத்தினேன்'னு யாவ் அம்மா கைரேகை வைக்கப் போறா. வச்சிட்டுப் பெட்டியைக் கட்டினா போலீஸுக்குப் போகமாட்டானாம். தங்கமான மனசு."

"அவ ஏன் ஒத்துக்கறா?"

"செஞ்சிருப்பா."

"செஞ்சவங்க தானா வந்து ஒத்துக்கிட்டதை இருபத்தேழு வருஷத்துல நாலு தடவைதான் பார்த்திருக்கேன். நாலு பேரும் குடிச்சிருந்தாங்க."

ஏரி வந்துவிட்டது. ஏரி என்றால் சாம்பல் நிறத்தில் ஒரு தண்ணீர், அதே நிறத்தில் மேலே ஒரு வானம். நடுவே எங்கே கோடு என்று தெரியவில்லை.

பட்டறைக்காரன் கியென் பாவ்லின் வட்ட முகக்காரன். காதில் பென்சில், புருவத்தில் மரத்தூள். அவர்கள் செருப்பை உதறி முடிப்பதற்குள் தேநீர் வந்துவிட்டது. அரைக் கோப்பை குடித்ததும் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் புது இலை போட்டான்.

"நான் ஒண்ணும் மறைக்கலைம்மா," என்றான். "தப்பு நடந்துபோச்சு. அந்தம்மா வந்து, இதை வச்சுக்கோ, இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுன்னாங்க. சபலம்தான். ஜிகாங் தம்பி போன் பண்ணி நீங்க வர்றீங்கன்னதும் எடுத்து வெளியே வச்சிட்டேன்."

நீலத் துணியை விலக்கினான்.

மழை வெளிச்சத்திலும் மரம் தேன் நிறத்தில் மினுங்கியது. பின்கால்கள் இரண்டும் இருக்கையைத் துளைத்துக்கொண்டு மேலேறி, வளைந்து, தலைப்பட்டையில் போய் அடங்கின. முதுகுப் பலகை மனித முதுகெலும்பைப் போலவே மெல்ல உள்ளே போய் வெளியே வந்தது. ஆணி ஒன்றுகூட இல்லை. பலகையின் நடுவில் கணு ஒன்று பேய் முகம்போல விழித்துப் பார்த்தது.

"சட்டங்களைப் பாருங்கம்மா." பாவ்லினுக்குத் தொழில் உற்சாகம் வந்துவிட்டது. "முன்னாடிச் சட்டம் கீழே. பக்கச் சட்டம் ரெண்டும் அதைவிட மேலே. பின்னாடிச் சட்டம் அதுக்கும் மேலே. படிப்படியா ஏறுது. உட்கார்றவன் வாழ்க்கையும் அப்படி ஏறணும்னு ஐதீகம்."

"நிஜக் காரணம்?" என்றாள் பெய்லான்.

"நாலையும் ஒரே மட்டத்துல துளைச்சா காலு ஒடிஞ்சிடும். ஆனா வாங்க வர்றவங்ககிட்ட ஐதீகத்தைத்தான் சொல்லணும்."

"எங்க வீட்டு நாற்காலியில நாலு சட்டமும் ஒரே மட்டம்," என்றான் தாகென். "நான் ஏன் டாக்ஸி ஓட்டறேன்னு இப்பத்தான் புரியுது."

பெய்லான் முழங்காலைத் திட்டிக்கொண்டே குனிந்தாள். மிதிகட்டை நடுவில் குழிந்திருந்தது. குதிரைச் சேணம்போல வழவழவென்று அழகாக இருந்தது. விரலை வைத்தால் வழுக்கிக்கொண்டு நடுவுக்கு வந்து நின்றது. எப்படி இருக்கவேண்டும் என்று நிபுணர் சொன்னாரோ, அப்படியே இருந்தது.

"அந்தம்மா எதுல கொண்டு வந்தாங்க?"

"தள்ளுவண்டியில."

"இதை இப்ப நாங்க எடுத்துட்டுப் போறோம். உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்மா. எடுத்துட்டுப் போங்க. மனசு லேசாயிடும்."

நாற்காலியை டாக்ஸியின் பின்சீட்டில் ஏற்றினார்கள். கால் நான்கையும் ஒரு பக்கம் சாய்த்து, தலையைக் கண்ணாடிப் பக்கம் நீட்டி, நோயாளியைப் படுக்க வைப்பதுபோலப் படுக்க வைத்தான் பாவ்லின். கை நடுங்காமல், மூலை எதுவும் இடிக்காமல் வைத்தான். வண்டி கிளம்பும்போது கையையும் ஆட்டினான்.

"முன்னூறு வயசுப் பயணி," என்றான் தாகென், கண்ணாடியில் பார்த்து. "முதியோர் கட்டணம் போடறதா, சரக்குக் கட்டணம் போடறதா?"

பெய்லான் திரும்பிப் பட்டறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா? கேஸ் முடிஞ்சிது. நாலரைக்குள்ள போயிடலாம். நீங்க காலுறையை அடுப்புல காயவைக்கலாம்."

"அவன் ஏன் சும்மா குடுத்தான்?"

"பயம்."

"பயந்தவன் வக்கீலைக் கூப்பிடுவான், மச்சானைக் கூப்பிடுவான், பொருளை ஏரியில தள்ளுவான். கையாட்டி வழியனுப்ப மாட்டான்."

"எனக்கு அதுகூடத் தப்பாத் தெரியலைக்கா. தேநீர்தான் உறுத்திச்சு. நம்ம ஊர்ல பொண்ணு பார்க்க வந்தவங்களுக்கே அதே இலையில மூணு தடவை வெந்நீர் ஊத்துவாங்க. இவன் ரெண்டாம் கோப்பைக்கே புது இலை போடறான்!"

மழை கண்ணாடியில் அடித்தது. துடைப்பான் ஒரு பக்கம்தான் வேலை செய்தது. அதுவும் பெய்லான் பக்கம். தாகென் எதைப் பார்த்து ஓட்டுகிறான் என்று அவள் கேட்பதை விட்டு ஒரு வருஷமாகிறது.

எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவளை அலுக்க வைத்தது. சரியாக இருக்கிற வழக்கு என்றால் யாரோ ஒருவர் முன்பே உட்கார்ந்து சரிசெய்திருக்கிறார் என்று அர்த்தம்.

"எங்கம்மா இந்த நாற்காலியைப் பார்த்தா கும்பிடுவா," என்றான் தாகென். "கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளை இல்லை. இந்த வைத்தியர்கிட்டத்தான் போனா. ஒரு வருஷம் கசாயம் குடிச்சா. அப்புறம் நான்."

"வைத்தியத்துல பக்க விளைவு உண்டுதான்."

"சொல்லுங்க, சொல்லுங்க. ஆனா எங்கம்மா அந்த வைத்தியத்தைப் பத்திச் சொன்னா மருந்தைச் சொல்ல மாட்டா. காலைத்தான் சொல்லுவா. அந்த நாற்காலியில உட்கார்ந்தா போதும், நாடி பிடிக்கறதுக்கு முன்னாடியே உள்ளங்கால்லேருந்து சூடு ஏறுமாம். எழுந்திரிக்கவே மனசு வராதாம்."

"சூடு எப்படி வரும்?"

"கால்நெருப்புப் பெட்டிதான். செம்புல, மூடியில ஓட்டை போட்டு, உள்ளே கரித்தணல் போடுவாங்களே, அது."

"வண்டியை நிறுத்து."

தாகென் நிறுத்தினான். பின்னால் வந்தவன் ஒலிப்பானை அழுத்திவிட்டு வைதுகொண்டே போனான்.

"நிறுத்தாதே. போன் கடை வர்ற வரைக்கும் போ."

"ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்கக்கா!"

சாலையோரம் புகையிலையும் சிகரெட்டும் விற்கிற பெட்டிக்கடையில் தொலைபேசி இருந்தது. தாகெனின் அம்மா இருக்கும் தெருவின் கடைக்குப் போட்டு, அவளைக் கூப்பிட்டு வரச் சொல்லி, ஐந்து நிமிஷம் காத்திருந்தார்கள். மறுமுனையில் மாஜாங் காய்கள் உரசும் சத்தமும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தன.

"யாரு, பெய்லானா? என் பையன் செத்துட்டானா?"

"இல்லைம்மா, பக்கத்துல நிக்கறான்."

"அப்ப அப்புறம் பேசு. நான் ஜெயிச்சிட்டிருக்கேன்."

"ஒரே ஒரு கேள்விம்மா. வைத்தியர் ஃபெய் வீட்டுல கால்நெருப்புப் பெட்டி வைப்பாங்களே, குளிர்காலத்துல மட்டும்தானே?"

"யாரு சொன்னா? ஆடு மாடு நாக்கைத் தள்ளிக்கிட்டு நிக்கிற கோடையிலகூட வைப்பார் மனுஷர். கால் குளிர்ந்தா கர்ப்பம் குளிரும்னு அவங்க தாத்தனுக்குத் தாத்தன் எழுதி வச்சிருக்காராம். போன உடனே செருப்பைக் கழட்டு, பெட்டி மேல காலை வை, அப்புறம்தான் நாடி. நான் ஒரு தடவை மறந்துபோய்க் கட்டையில காலை வச்சிட்டேன். குளிர்ந்த மரத்துல மிதிக்காதேன்னு ஒரு அதட்டு அதட்டினார் பாரு, வயித்துல இருந்தா கலங்கியிருக்கும்!"

"எல்லாப் பொம்பளைங்களுக்கும் அப்படித்தானா?"

"எல்லாருக்கும்தான். எங்க மாமியாரும் அங்கேதான் போனா. அவளுக்கும் அதே அதட்டு, அப்ப இருந்த வைத்தியர்கிட்ட. வச்சிடட்டுமா? காய் காத்திருக்கு."

வைத்துவிட்டாள்.

பெய்லான் டாக்ஸிக்குத் திரும்பிப் பின்சீட்டில் படுத்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். சேணம்போலக் குழிந்த மிதிகட்டை.

"தாகென், ஒன்பது தலைமுறையா ஒரு பொம்பளைகூடக் கால் வைக்காத கட்டை இது. இதைத் தேய்ச்சது யாரு?"

தாகென் வாயைத் திறந்தான். அவனை அவள் அறிந்த இத்தனை நாளில், திறந்த வாயிலிருந்து ஒன்றும் வராதது அதுதான் முதல் தடவை.

"அப்ப வீட்டுல இருக்கிறது..." என்றான் கடைசியில்.

"ஓட்டு."

ஃபெய் வீடு கால்வாய் ஓரச் சந்தில் இருந்தது. போய்ச் சேரும்போது நாலு நாற்பது. பெய்லான் முன்வாசலுக்குப் போகவில்லை. தாகெனை நாற்காலியோடு டாக்ஸியிலேயே விட்டுவிட்டு, பக்கச் சந்து வழியே பின்கட்டுக்குப் போனாள். போலி நாற்காலியைப் பின்னால் விறகோடு போட்டிருப்பதாகவும், அசல் கிடைத்த மறுநாள் பழைய சாமான்காரன் வந்து எடுத்துக்கொள்வான் என்றும் ஜிகாங் முதல் நாளே சொல்லியிருந்தான். சொன்னபோது அவளுக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை.

விறகுக் கொட்டகையில் விறகு நனைந்து கிடந்தது. நாற்காலி நனையவில்லை. நான்கு காலுக்கும் கீழே நான்கு செங்கல். மேலே பஞ்சுப் போர்வை. இருக்கைக்கு அடியில் ஒரு கிண்ணம் நிறையச் சுண்ணாம்புக் கட்டி, ஈரத்தை இழுக்க. பெய்லான் போர்வையைத் தூக்கினாள். மெழுகு வாசனை வந்தது. நேற்றோ இன்று காலையோ பூசிய மெழுகு.

மிதிகட்டை தேயவே இல்லை. விளிம்பு கூராக இருந்தது. ஆனால் முன்பக்கத்தில், நடுவில், கறுப்பாக ஒரு வளைவு. புது மரத்தைப் பழையதாகக் காட்டச் சாயம் அடித்திருக்கிறார்கள் என்று நிபுணர் எழுதியிருந்தது அதைத்தான். பெய்லான் நகத்தால் சுரண்டினாள். சாயம் வரவில்லை. மரத்தின் உள்ளேயே போயிருந்த கறுப்பு அது.

"நனைஞ்சிடும். போர்வையை விடுங்க."

யாவ் அம்மா கதவருகே நின்றாள். அறுபத்தாறு வயது. சிறிய உடம்பு. துவைத்துத் துவைத்து நீலம் போன சட்டையின் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தாள். காலடியில் ஒரு துணிமூட்டை, கட்டித் தயாராக.

"போலிக்கு யாரும்மா போர்வை போர்த்துவாங்க?" என்றாள் பெய்லான்.

"மரம்தானே. எந்த மரமா இருந்தா என்ன?"

"விறகும் மரம்தான். அது நனையுது."

யாவ் அம்மா போர்வையை இழுத்து மூடினாள்.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள் பெய்லான்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க."

"துடைக்கத் தெரியும்."

அந்தக் கிழவி கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள். பிறகு, காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள்: "பத்தொன்பது வருஷம் தினமும் துடைச்சிருக்கேன். கண்ணை மூடிக்கிட்டுக் கை வச்சாலும் தெரியும். பிரம்பு மாத்தி வந்ததும் இதேதான், போனதும் இதேதான்."

"அப்ப ஏன் சொல்லலை?"

"அந்த ஷாங்காய்க்காரர் போலின்னு சொன்னப்ப நான் தேநீர் கொண்டு வந்துட்டிருந்தேன். தம்பி சொல்லுவான்னு பார்த்தேன். அவனும் இங்கே வளர்ந்தவன்தானே? நெருப்புப் பெட்டிக்குத் தணல் எடுத்துட்டு வர்றது அவன் வேலைதான் சின்ன வயசுல. அவன் ஒண்ணும் சொல்லலை. யோசிச்சான். அவன் யோசிக்கிற முகம் எனக்குத் தெரியும்."

"யாரோ வாங்க ஆள் இருக்கு."

"ஹாங்காங்குல. போன்ல பேசறதைக் கேட்டேன். பழைய சாமான்காரன்னு வர்றவன் அந்த ஆளுதான்."

"அவன் பொருளையும் விக்கறான், உங்களையும் வெளியே தள்ளறான். நீங்க கைரேகை வைக்கப் போறீங்க."

"பதினாலு வயசுல அப்பா அம்மா இல்லாம இந்த வீட்டுக்கு வந்தான். முதல் நாள் ரெண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டுட்டு, மூணாவது கேக்க வெட்கப்பட்டு கிண்ணத்தைக் கழுவற மாதிரி நின்னுட்டே இருந்தான். நான்தான் பிடுங்கிப் போட்டேன்." அவள் மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். "இது அசல்னு நான் சொன்னா அவன் திருடன்னு ஆயிடும். எனக்கு இன்னும் எத்தனை வருஷம்? அவனுக்கு இன்னும் நாற்பது வருஷம் இருக்கு."

"எங்கே போவீங்க?"

"தங்கச்சி மகள் இருக்கா. கேக்கணும்."

"இன்னும் கேக்கலையா?"

யாவ் அம்மா மூட்டையைக் கதவோரம் நகர்த்தி வைத்தாள்.

பெய்லானுக்குத் திடீரென்று அங்கேயே, அந்த நனைந்த விறகின் மேலேயே உட்கார்ந்துவிடலாம்போல இருந்தது. தன்னைக் காப்பாற்ற வேண்டாம் என்பவளை எப்படிக் காப்பாற்றுவது என்று பதிவேட்டு அறையில் யாரும் சொல்லித்தரவில்லை.

"கால்நெருப்புப் பெட்டி எங்கேம்மா?"

கிழவியின் கண் மட்டும் ஒரு தடவை அடுப்படி மேல்தட்டுக்குப் போய்த் திரும்பியது. பெய்லானுக்கு அது போதும்.

முன்கூடத்தில் எல்லாம் தயாராக இருந்தது. மேசைமேல் எழுதிய தாள், சிவப்பு மைப்பெட்டி. வட்டக் கமிட்டி ஷி அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். தாகென் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்ததும் ஜிகாங் எழுந்தே விட்டான். முப்பத்திரண்டு வயது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, இடுப்பில் பேஜர். இந்த ஈரத்தில் சட்டையை எப்படி அவ்வளவு மொறமொறப்பாக வைத்திருக்கிறான் என்று பெய்லான் நினைத்தாள். பிறகு, அதை யார் இஸ்திரி போட்டிருப்பார்கள் என்றும் நினைத்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்க! மெங் மேடம், உங்களைப் பத்தி ஊர்ல சொல்றது சரிதான். ஷி அம்மா, பாருங்க, இந்த மிதிகட்டையைப் பாருங்க. இதுதான் அசல். யாவம்மா, வாங்க. சீக்கிரம் முடிச்சிடலாம். எனக்கும் இது கஷ்டமாத்தான் இருக்கு."

யாவ் அம்மா வந்து மேசையருகே நின்றாள். ஷி அம்மாள் மைப்பெட்டியை நகர்த்தினாள். கிழவி பெருவிரலை மையில் அழுத்தினாள்.

"ஒரு நிமிஷம்," என்றாள் பெய்லான். "தாகென், அந்தப் போலியையும் கொண்டு வா. வரும்போது அடுப்படி மேல்தட்டையும் ஒரு பார்வை பாரு."

"அது எதுக்கு?" என்றான் ஜிகாங்.

"என் முழங்காலுக்கு. அலைஞ்சதுக்கு ஒரு பலன் வேணும் இல்லையா?"

தாகென் இரண்டு நடையில் கொண்டு வந்தான். நாற்காலி ஒன்று. செம்பில் ஒரு பெட்டி, பூசணிக்காய் மாதிரி உப்பலாக, மூடியில் வரிசை வரிசையாக ஓட்டை. "முட்டை ஊறப்போட்டிருந்தாங்கக்கா உள்ளே," என்றான். "முட்டைகளை மரியாதையா வெளியேத்திட்டேன்."

பெய்லான் கஷ்டப்பட்டுக் குனிந்து, செம்புப் பெட்டியைக் கொட்டகையிலிருந்து வந்த நாற்காலியின் முன் வைத்து, மிதிகட்டையை ஒட்டித் தள்ளினாள். பெட்டியின் வயிறு கறுப்பு வளைவில் போய்ப் பொருந்தியது, கிண்ணம் தட்டில் உட்கார்வதுபோல. பெட்டியின் கைப்பிடி இரண்டு பக்கமும் தொங்கிய இடத்தில், கட்டையில் இரண்டு சின்னப் பள்ளங்கள் இருந்தன. கைப்பிடி நேரே அவற்றில் விழுந்தது.

ஷி அம்மாள் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"இந்த வீட்டுல எந்தப் பொம்பளையும் கட்டையில கால் வச்சதில்லை," என்றாள் பெய்லான். "பெட்டி மேலதான் வச்சாங்க. கட்டை தேயலை, கருகிச்சு. நிபுணர் ஆம்பளை, அவருக்கு நாற்காலி தெரியும், பொம்பளைங்க வைத்தியம் தெரியாது. நேர்மையாத் தப்புப் பண்ணிட்டார்."

"நகல் பண்றவன் சூடு வச்சிருப்பான்," என்றான் ஜிகாங்.

"நகல் பண்றவன் தேயாத கட்டையை வைப்பானாப்பா? ஊரே முதல்ல குனிஞ்சு பார்க்கற இடம் அது. அதை மட்டும் புதுசா விட்டுட்டு மத்ததையெல்லாம் முன்னூறு வருஷமாக்குவானா? இவ்வளவு அசட்டையா இருக்க அசலாலதான் முடியும்." பெய்லான் மற்ற நாற்காலியின் சேணத்தைத் தட்டினாள். "இதோ, இது ரொம்ப ஜாக்கிரதையானது. அந்த நிபுணருக்காகவே பட்டறைக்காரன் தேய்ச்சது. நாளைக்கு அவர் வந்து இதைப் பார்த்துத் தலையாட்டுவார். பழைய சாமான்காரன் வந்து கொட்டகையில இருந்த அசலைத் தூக்கிட்டுப் போவான். நடுவுல ஒரு விசாரணை அலுவலகம் தேடிக் கண்டுபிடிச்சதுன்னு ஒரு சாட்சியும் இருக்கும். அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டே."

"அக்கா, நாம தபால்காரங்களா?" என்றான் தாகென்.

ஜிகாங் சிரித்தான். நன்றாகத்தான் சிரித்தான். "கதை நல்லா இருக்கு மேடம். ஆதாரம் என்ன? ஒரு முட்டைப் பாத்திரம். எந்தப் பாத்திரத்தை எந்தக் கட்டையில வச்சாலும் எங்கேயாவது பொருந்தும். குற்றத்தைச் செஞ்சவங்களே ஒத்துக்கறாங்க, கையில மையோட நிக்கறாங்க. அவங்களையே கேளுங்க. யாவம்மா, எந்த நாற்காலி அசல்? சொல்லுங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சிவப்புப் பெருவிரலை மற்ற விரல்களில் படாமல் தனியாக நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிழவி இப்போது அந்தத் தாளில் விரலை வைத்தால் பெட்டியும் வளைவும் ஒன்றுக்கும் உதவாது. தங்கச்சி மகளைக் கேட்கவேண்டியதுதான்.

"நீ சொல்லு," என்றாள் யாவ் அம்மா.

"என்ன?"

"நான் சொல்றதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு தம்பி. நீ சொன்னா அதோட போச்சு. இவங்ககிட்ட நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

கூரையிலிருந்து முற்றத்துத் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஜிகாங் அவளைப் பார்க்கவில்லை. ஷி அம்மாளைப் பார்த்தான்.

"பார்த்தீங்களா? இதுதான் நிலைமை. இவளுக்கு ஞாபகமே சரியில்லை. என்ன பேசறோம்னு தெரியாது. போன மாசம்கூட சூப்புல ரெண்டு தடவை உப்பு போட்டா. நான்தான் பொறுத்துக்கிட்டு இருக்கேன்."

யாவ் அம்மாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் இத்தனை நேரம் தாங்கிப் பிடித்திருந்த எதையோ கீழே வைத்தவள்போலத் தோள் இறங்கியது.

"ரெண்டு தடவை போடலை," என்றாள். "உப்பு பத்தலைன்னு நீ சொன்னே. அதனால போட்டேன்."

பிறகு ஷி அம்மாளிடம் திரும்பினாள்.

"எனக்கு எழுதத் தெரியாது. நீங்க எழுதிக்கோங்க. இந்தக் கறுப்பு விழுந்ததுதான் வைத்தியர் வீட்டு அசல் நாற்காலி. நான் மாத்தலை. அது இந்த வீட்டுலயேதான் இருந்துது. மத்தது எங்கேருந்து வந்துதுன்னு இவனுக்குத் தெரியும்."

ஷி அம்மாள் பழைய தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினாள். மெதுவாக எழுதுகிறவள். எழுதி முடித்துப் படித்துக் காட்டும்போது பெருவிரலில் மை காய்ந்திருந்தது. மைப்பெட்டியை மறுபடி நகர்த்த வேண்டியிருந்தது. யாவ் அம்மா மறுபடி விரலைத் தோய்த்து, தாளில் வைத்து, அழுந்தப் பதியும்வரை எடுக்காமல் நின்றாள்.

"இது வட்டக் கமிட்டியோட முடியாது," என்றாள் ஷி அம்மாள், தாளை மடித்துக்கொண்டே. "நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு வந்துடு ஜிகாங். ஊரை விட்டுப் போகாதே. ரெண்டு நாற்காலியும் இன்னைக்கு என் பொறுப்பு. யாவ் அம்மா, நீங்க மூட்டையை அவிழ்த்துக்கோங்க."

ஜிகாங்கின் இடுப்பில் பேஜர் இரண்டு தடவை கூவியது; அவன் பார்க்கவில்லை. வாசலுக்குப் போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே கால்வாய் முழுவதும் மழைப் புள்ளிகள். வெள்ளைச் சட்டையின் தோளில் சாரல் பட்டு நிறம் மாறத் தொடங்கியது.

யாவ் அம்மா விரலிலிருந்த மையைத் துணியில் துடைத்தாள். நன்றாகத் துடைத்தாள். நிமிராமலே சொன்னாள்:

"மழை பெய்யுது. குடையை எடுத்துட்டுப் போ."